வாசலிலேயே மறிக்கலாம்: வீட்டு ஃபயர்வோல், விளம்பரங்கள், டிராக்கர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஃபைபர் அல்லது 4ஜி ரவுட்டர், ஒரு ஸ்மார்ட் டிவி, ஆளுக்கொரு ஃபோன் என்றிருக்கும் சாதாரண கொழும்பு வீட்டை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. நெட்வேர்க் படித்திருக்கத் தேவையில்லை. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போகப் பயமில்லாதவராக இருந்தால் போதும். வீட்டில் "நெட் வேலை செய்யேல்லை" என்றதும் எல்லாரும் யாரைக் கூப்பிடுவார்களோ, அவருக்கானது இது.

ஃபயர்வோல் விளம்பரத்தை எப்படி அடையாளம் காண்கிறது?

காண்பதே இல்லை. அது பார்ப்பது பெயர்களை மட்டும்தான். நீங்கள் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது உங்கள் ஃபோன் அந்தத் தளத்தை மட்டும் தேடிப் போவதில்லை. விளம்பரம் தரும் சேர்வர், யார் வந்தார் என்று குறித்துக்கொள்ளும் சேர்வர் (இதுதான் டிராக்கர்), எவ்வளவு நேரம் இருந்தார் என்று அளக்கும் சேர்வர் என்று பல இடங்களுக்கும் போகிறது. ஒவ்வொன்றுக்கும் போக முன்னர் "இந்தப் பெயருக்கு ஐபி முகவரி என்ன?" என்று டிஎன்எஸ் என்ற பெயர்-முகவரிச் சேவையிடம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு வீட்டுக்குள்ளேயே பதில் சொல்லும் ஒன்றை வைத்துவிட்டால், விளம்பர சேர்வர்களின் பெயர்கள் வரும்போது 0.0.0.0 என்று பதில் கொடுத்து அனுப்பிவிடலாம். அது எங்கும் போய்ச் சேராத முகவரி. விளம்பரம் இறங்குவதே இல்லை. இறங்கிய பின் மறைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு, ஏனென்றால் டிராக்கருக்கு நீங்கள் வந்த செய்தியே போவதில்லை.

அப்படியானால் இது டிஎன்எஸ் வடிகட்டிதானே? ஏன் ஃபயர்வோல் என்கிறீர்கள்?

சரியான கேள்வி. பை-ஹோல், அட்கார்ட் ஹோம் போன்றவை டிஎன்எஸ் வடிகட்டிகள்தான். கேட்டால் பதில் சொல்லும், அவ்வளவே. வீட்டிலுள்ள ஒரு சாதனம் இவற்றிடம் கேட்காமல் நேராக வெளியே போய்க் கேட்டால் இவற்றால் ஒன்றும் செய்ய முடியாது, போக்குவரத்து இவற்றின் ஊடாகப் போவதில்லையே. ஃபயர்வோல் நிற்பது வாசலில். உள்ளே வருவதும் வெளியே போவதும் அதைத் தாண்டித்தான். ஆகவே பட்டியலை வைத்திருப்பது டிஎன்எஸ். எல்லோரையும் அந்தப் பட்டியலிடம் கேட்க வைப்பது ஃபயர்வோல். இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் முதல் பாதியோடு முடிந்துவிடுகின்றன. இரண்டாம் பாதியில்தான் வேலையே இருக்கிறது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

உலாவியில் யுபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி போட்டிருக்கிறேன். இதுவும் வேண்டுமா?

உலாவிக்குள் அதைவிடச் சிறந்தது கிடையாது, எடுத்துவிடாதீர்கள். க்ரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதால் யுபிளொக் ஒரிஜினின் முழு வடிவம் அங்கே இப்போது ஓடாது, லைட் என்ற சுருக்கப் பதிப்புத்தான் மிச்சம். ஃபயர்ஃபொக்ஸில் முழுதாக ஓடுகிறது. ஃபயர்ஃபொக்ஸுக்கு மாற இதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

ஆனால் உலாவிக்கு வெளியே? ஃபோனில் பிள்ளைகள் விளையாடும் கேம், அம்மாவின் நாட்காட்டிச் செயலி, லீவுக்கு வந்து நிற்கும் மச்சானின் டெப்லெட், எல்லாவற்றையும் விட முக்கியமாக டிவி. ஸ்மார்ட் டிவிகளில் தானியங்கி உள்ளடக்க அறிதல் என்றொரு நுட்பம் உண்டு. திரையில் என்ன ஓடுகிறது என்பதைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, கம்பனியின் சேர்வரோடு ஒப்பிட்டு, நீங்கள் பார்ப்பது எது என்று கண்டுபிடிக்கும். அன்டெனாவிலோ டிவிடியிலோ பார்த்தாலும் கூட. 2017இல் விசியோ என்ற டிவி கம்பனி, சொல்லாமல் கொள்ளாமல் இதைச் செய்ததற்காக அமெரிக்காவில் 22 இலட்சம் டொலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. டிவிக்குள் யுபிளொக் போட முடியாது. வாசலில் மறிப்பது ஒன்றுதான் வழி. அதோடு டிவியின் பிரைவசி மெனுவில் அந்த வசதியையும் நிறுத்திவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

யூடியூப் விளம்பரம் நிற்குமா?

நிற்காது. வீடியோ வரும் அதே சேர்வர் பெயர்களிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. பெயரை மறித்தால் வீடியோவும் போய்விடும். ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம் விளம்பரங்களும் அப்படியே. யாராவது "யூடியூப்புக்கும் வேலை செய்யும் பட்டியல்" தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஃபயர்வோல் வாசலில்தானே நிற்கிறது, பக்கத்துக்குள் எட்டிப் பார்த்து விளம்பரத்தை மட்டும் வெட்ட முடியாதா?

இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ்ஸில்தான், அதாவது போய்வருவதெல்லாம் மறைகுறியாக்கப்பட்டே போகிறது. வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் காவலாளியை நினைத்துப் பாருங்கள். யார் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று அவருக்குத் தெரியும். வீட்டுக் கதவு மூடிய பின் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. ஃபயர்வோலின் நிலையும் அதுதான். எந்த சேர்வருக்குப் போகிறீர்கள் என்று தெரியும், அங்கே எந்தப் பக்கத்தை, எந்தப் படத்தைக் கேட்டீர்கள் என்று தெரியாது.

கதவைத் திறக்கவும் வழி இருக்கிறது. எல்லாச் சாதனங்களிலும் உங்கள் சொந்தச் சான்றிதழை நிறுவி, நடுவில் நின்று எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்க்கலாம். சில பெரிய அலுவலகங்களில் செய்வார்கள். வீட்டில் செய்யவே வேண்டாம். வங்கிச் செயலிகள் இணைய மறுக்கும், டிவியில் சான்றிதழை நிறுவவே முடியாது, அந்தப் பெட்டிக்குள் யாராவது புகுந்துவிட்டால் வீட்டாரின் பாஸ்வேர்ட் எல்லாம் போய்விடும். இரண்டு விளம்பரத்துக்காக அவ்வளவு தூரம் போவது புத்தியில்லாத வேலை.

என்ன சாமான் வாங்க வேண்டும்?

முதலில் ஒன்றும் வாங்காதீர்கள். ரவுட்டரின் டிஎச்சிபி (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் பகுதி) செட்டிங்ஸில் டிஎன்எஸ் இடத்தில் 94.140.14.14, 94.140.15.15 என்று போட்டுப் பாருங்கள். அட்கார்ட் நிறுவனம் இலவசமாக நடத்தும், விளம்பரங்களை மறிக்கும் டிஎன்எஸ் அது. ஒரு கிழமை வீட்டார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். குறை என்னவென்றால், எதை மறிப்பது என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது, உங்கள் கேள்விகள் எல்லாம் இன்னொரு கம்பனிக்குப் போகும். பலருக்கு இதுவே போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்த படி, ராஸ்பெரி பை போன்ற சிறிய பெட்டியில் பை-ஹோல் அல்லது அட்கார்ட் ஹோம். ஆகச் சிறிய மொடலே தாராளம், டிஎன்எஸ்ஸுக்கு வலு தேவையில்லை. அட்கார்ட் ஹோமின் திரை புதியவர்களுக்கு இலகு. பை-ஹோலுக்கு உதவி தேடினால் அதிகம் கிடைக்கும். இரண்டில் எதை எடுத்தாலும் தப்பில்லை.

முழு ஃபயர்வோல் வேண்டுமென்றால் இரண்டு வழி. ஓப்பன்-டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் போடக்கூடிய ரவுட்டர் ஒன்றை வாங்கி, அதில் அட்பிளொக் பொதியைப் போடலாம். வாங்க முன்னர் அந்த மொடலும் அதன் வன்பொருள் வேர்ஷனும் ஓப்பன்-டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள், பெட்டியில் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே வேறு சிப் இருக்கும். ரேம் 128 எம்பிக்குக் குறைந்ததை எடுக்க வேண்டாம். இரண்டாவது வழி, ஓபிஎன்சென்ஸ் அல்லது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வோல் மென்பொருள் ஓடும் சிறிய கணினி. முதலாவது 2015இல் இரண்டாவதிலிருந்து பிரிந்து வந்தது, இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓபிஎன்சென்ஸில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் பகுதிக்குள்ளேயே தடைப்பட்டியல் போடும் இடம் இருக்கிறது. பிஎஃப்சென்ஸுக்கு பிஎஃப்பிளொக்கர்-என்ஜி என்ற பொதியைச் சேர்க்க வேண்டும். கணினிக்கு இரண்டு நெட்வேர்க் போர்ட் வேண்டும், இன்டெல் கார்டாக இருந்தால் தலையிடி குறைவு. ராஸ்பெரி பையில் ஓபிஎன்சென்ஸ் ஓடாது, அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கினால் பாவித்த அலுவலகக் கணினிகள் மலிவாகக் கிடைக்கும். பார்க்க லாபம்தான். ஆனால் கரண்ட் பில்லையும் பாருங்கள். 50 வொட் எடுக்கும் பழைய டெஸ்க்டொப் இரவு பகலாக ஓடினால் மாதம் 36 அலகு. இன்டெல் என்100 சிப் போட்ட சின்னக் கணினி 10 வொட் அளவில் ஓடும், மாதம் 7 அலகு சொச்சம். ராஸ்பெரி பை மூன்று அலகு வரும். நமது மின் கட்டணம் 60, 90 என்று படி படியாக ஏறுவது தெரியும்தானே. 36 அலகு உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால் மலிவாக வாங்கியது மலிவாக இருக்காது.

கம்பனி தந்த ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றும் இடமே இல்லை. என்ன செய்வது?

சில ரவுட்டர்களில் அந்தப் பகுதி சாதாரணப் பயனருக்குத் தெரியாமல் மறைத்திருக்கும். அப்போது ரவுட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிட்டு, பை-ஹோலையே டிஎச்சிபி வேலையையும் செய்ய விடலாம். ஐபி முகவரியைக் கொடுக்கும்போதே "என்னிடம் கேள்" என்று தன் முகவரியை டிஎன்எஸ்ஸாகச் சொல்லிவிடும். டிஎச்சிபியையும் நிறுத்த விடவில்லை என்றால், உங்கள் சொந்த ரவுட்டரைக் கம்பனி ரவுட்டருக்குப் பின்னால் பொருத்தி, வீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றையும் உங்களுடையதன் வைஃபைக்கு மாற்றுங்கள். இரட்டை நாட் (இரண்டு ரவுட்டரும் ஒன்றன் பின் ஒன்றாக முகவரி மாற்றுவது) என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒன்லைன் கேம் விளையாடுபவர்களுக்கும் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கும் சில வேளை இடைஞ்சல், மற்றவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

பியோ டிவி எடுத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியையும், ஃபைபரோடு வரும் லேண்ட்லைன் தொலைபேசியையும் கம்பனி ரவுட்டரிலேயே விட்டுவிடுங்கள். அவற்றுக்குத் தனிப் பாதை இருக்கிறது.

எந்தத் தடைப்பட்டியலை எடுப்பது?

ஒன்று போதும். ஸ்டீவன் பிளாக் பட்டியல் பழையது, அடக்கமானது. ஓஐஎஸ்டி, வீட்டில் எதுவும் உடையக்கூடாது என்ற எண்ணத்தோடு பராமரிக்கப்படுவது. ஹகேசி பட்டியல் லைட்டிலிருந்து அல்டிமேட் வரை பல அளவில் வருகிறது, நடு அளவில் தொடங்குங்கள். பத்துப் பட்டியலைச் சேர்த்து "எனக்கு இத்தனை இலட்சம் பெயர்" என்று பெருமைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஒன்றையொன்று திரும்பச் சொல்லுவது, மீதியில் செத்துப்போன பெயர்கள் ஏராளம்.

தமிழ், சிங்களத் தளங்களுக்குத் தனிப்பட்டியல் தேவையா என்றும் கேட்கிறார்கள். அநேகமாக இல்லை. இங்குள்ள தளங்களில் பலவும் கூகிளின் விளம்பர வலையையே பாவிக்கின்றன, சர்வதேசப் பட்டியல்கள் அதைப் பிடித்துவிடும். தளத்தின் சொந்த சேர்வரிலேயே படமாக ஏற்றி வைத்திருக்கும் நகைக்கடை, டியூஷன் விளம்பரங்கள் அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் இருந்துவிட்டுப் போகட்டும், அவை யாரையும் பின்தொடர்வதில்லை.

எல்லாம் போட்டாச்சு. ஆனாலும் டிவியிலும் சில ஃபோன்களிலும் விளம்பரம் வருகிறதே?

வழிகாட்டிகள் சொல்லாமல் விடும் பகுதி இதுதான். அந்தச் சாதனங்கள் உங்களிடம் கேட்கவே இல்லை. பக்கவாசலால் போகின்றன. பக்கவாசல்கள் இவை.

முதலாவது, உள்ளேயே எழுதி வைத்த டிஎன்எஸ். குரோம்காஸ்ட் போன்ற சில சாதனங்கள் நீங்கள் என்ன கொடுத்தாலும் கூகிளின் 8.8.8.8ஐத்தான் கேட்கும். ராஸ்பெரி பை மட்டும் வைத்திருப்பவர் இங்கே கையைப் பிசைய வேண்டியதுதான். ஃபயர்வோல் இருந்தால், வீட்டுக்குள்ளிருந்து வெளியே போகும் 53ஆம் போர்ட் (சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசல் எண்) போக்குவரத்து எல்லாவற்றையும் பிடித்து உங்கள் டிஎன்எஸ் பக்கம் திருப்பிவிடும் நாட் விதி ஒன்றை எழுதலாம். சாதனம் தான் 8.8.8.8இடம்தான் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பதில் வருவது உங்களிடமிருந்து. டிஎன்எஸ் வடிகட்டி தனிப் பெட்டியில் இருந்தால் அந்தப் பெட்டிக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்குக் கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதன் கேள்விகள் அதனிடமே திரும்பி வந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, மறைகுறியாக்கிய டிஎன்எஸ். இதில் இரண்டு வகை. டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கத்தின் மேல் போவது 853ஆம் போர்ட்டைப் பாவிக்கும், அந்தப் போர்ட்டை மூடிவிட்டால் சரி. ஆண்ட்ரோய்டு 9 முதல் ஃபோன்களில் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் இந்த வகைதான். அது தானியங்கி நிலையில் இருந்தால் 853 மூடியிருப்பதைக் கண்டு சாதாரண டிஎன்எஸ்ஸுக்கு வந்துவிடும். யாராவது ஒரு சேர்வர் பெயரைக் கையால் போட்டிருந்தால் வராது. அந்த ஃபோனில் நெட்டே இல்லை என்று காட்டும், உடனே உங்களுக்குக் கோல் வரும். எச்டிடிபிஎஸ் மேல் போகும் மற்ற வகைதான் சிக்கல். அது 443ஆம் போர்ட்டில், சாதாரண இணையத்தளம் போல வேடம் போட்டுப் போகிறது. 443ஐ மூட முடியாது, மூடினால் இணையமே போய்விடும். அந்தச் சேவைகளைத் தரும் சேர்வர்களின் பெயர்களையும் ஐபிகளையும் திரட்டிய பட்டியல்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் மறிக்க வேண்டும். நூறு வீதம் பிடிக்காது. தெரிந்தவற்றைப் பிடிக்கும்.

உலாவிகள் இந்த விடயத்தில் ஓரளவு மரியாதை காட்டுகின்றன. ஃபயர்ஃபொக்ஸ் தானாக அந்த வழிக்குப் போக முன்னர் இதற்கென்றே ஒதுக்கிய ஒரு பெயரைக் கேட்டுப் பார்க்கும், "அப்படி ஒரு பெயர் இல்லை" என்று பதில் வந்தால் ஒதுங்கிக்கொள்ளும். பை-ஹோல் அந்தப் பதிலைத் தானே சொல்லிவிடுகிறது. ஆப்பிளின் ஐக்ளவுட் பிளஸ் சந்தாவோடு வரும், உலாவலை மறைத்து அனுப்பும் பிரைவேட் ரிலேயும் அதே முறையில் அடங்கும். க்ரோம், நீங்கள் கொடுத்த டிஎன்எஸ்ஸே அந்த வசதியைத் தந்தால் மட்டும்தான் தானாக மாறும். யாராவது செட்டிங்ஸில் போய்த் தானே போட்டிருந்தால் இந்த மரியாதை எதுவும் இல்லை.

மூன்றாவது, ஐபிவி6, அதாவது புதிய வகை ஐபி முகவரி. உங்கள் இணைப்பில் அது இருந்தால், கம்பனி ரவுட்டர் ஐபிவி4க்கு நீங்கள் சொன்ன டிஎன்எஸ்ஸையும், ஐபிவி6க்குத் தன்னுடையதையும் அறிவித்துக்கொண்டிருக்கும். ஃபோன் இரண்டிலும் கேட்கும். "சில நேரம் விளம்பரம் வருகிறது, சில நேரம் இல்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நான்காவது, நமது நாட்டுக்கே உரியது. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று அரசாங்கம் சமூக வலைத்தளங்களை மூடிய ஒவ்வொரு முறையும் ஊரே விபிஎன் செயலிகளை இறக்கியது. அவற்றில் பல இன்னும் ஃபோன்களில் கிடக்கின்றன, சில தானாகவே இணைந்துகொள்கின்றன. விபிஎன் ஓடும் ஃபோன் உங்கள் ஃபயர்வோலுக்குள் சுரங்கம் வெட்டிப் போவதால் வடிகட்டல் எதுவும் அதைத் தொடாது. போதாததற்கு, சில இலவச விபிஎன்கள் தாங்களே விளம்பரம் காட்டி, தரவு சேர்த்துப் பிழைப்பவை. தேவையில்லாதவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

விளம்பரக் கம்பனிகளின் ஐபி முகவரிகளையே மறித்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் இல்லையே?

ஒரே ஐபியில் ஆயிரம் தளங்கள் இருக்கும் காலம் இது. பல தளங்களுக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃப்ளெயர் நிறுவனத்தின் ஒரு முகவரியை மறித்தால் டிராக்கரோடு பிள்ளையின் பாடசாலைத் தளமும் போகலாம்.

தளத்தின் சொந்தப் பெயருக்குள்ளேயே டிராக்கர் ஒளிந்திருக்கும் என்கிறார்களே?

உண்மை. தளக்காரர் தன் பெயருக்குக் கீழே ஒரு துணைப்பெயரை உண்டாக்கி, அதை டிஎன்எஸ்ஸில் டிராக்கர் கம்பனியின் பெயருக்குச் சுட்டிவிடுவார். இதை சிநேம் மறைப்பு என்பார்கள். பார்ப்பதற்கு அந்தத் தளத்தினுடையது போலத்தான் இருக்கும். 2020இல் வந்த பை-ஹோலின் 5ஆம் பதிப்பு முதல், சுட்டும் பெயரையும் சேர்த்துப் பார்த்து மறிக்கிறது. யுபிளொக் ஒரிஜினும் ஃபயர்ஃபொக்ஸில் இதைச் செய்யும்.

ஏதாவது உடையுமா?

உடையும். கூகிள் தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தினால் திறக்காது. அங்காடிகள் அனுப்பும் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் சலுகைகளின் இணைப்புகள் பல முதலில் ஒரு டிராக்கருக்குப் போய்த்தான் கடைக்குப் போகும், அவையும் நிற்கும். கேமில் "விளம்பரம் பார்த்தால் ஒரு உயிர்" என்பது வேலை செய்யாது. வீட்டில் வரும் முதல் முறைப்பாடு அநேகமாக இதுதான், அதுவும் சத்தமாக. டிவியின் முகப்புத் திரை சில வேளை வெறுமையாக நிற்கும். பணம் கட்டும் செயலி ஒன்று திறக்காமல் போவதும் நடக்கும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வடிகட்டியின் கேள்விப் பதிவைத் (எந்தச் சாதனம் எந்தப் பெயரைக் கேட்டது என்ற பட்டியல்) திறந்து வைத்துக்கொண்டு, உடைந்த செயலியை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். அந்தச் சாதனத்திலிருந்து வந்து சிவப்பில் நிற்கும் பெயர்களில் ஒன்றுதான் காரணம். ஒவ்வொன்றாக விட்டுப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது இது நடந்தால் என்ன செய்வது என்பதை முன்பே யோசித்து வையுங்கள். சிறிது நேரத்துக்கு வடிகட்டலை நிறுத்தும் வசதி பை-ஹோல், அட்கார்ட் ஹோம் இரண்டிலும் இருக்கிறது. அதை வீட்டில் இன்னும் ஒருவருக்காவது காட்டிக் கொடுங்கள். அவசரமாக டிக்கெட் போட நிற்கும் அக்காவிடம் டிராக்கர் பற்றிப் பாடம் எடுக்கக்கூடாது. சரி, ஃபோன் டேட்டாவுக்கு மாறிப் போடுங்கள் என்று சொல்வது இன்னும் கெதியான வழி.

கரண்ட் போனால்?

பெட்டியும் போகும், அதோடு வீட்டின் டிஎன்எஸ்ஸும் போகும். ரவுட்டருக்கு மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சின்ன டிசி யுபிஎஸ் பல வீடுகளில் இருக்கிறது. அதில் இன்னொரு வெளியீடு இருந்தால் பெட்டிக்கு வேண்டிய வோல்டேஜும் அம்பியரும் பார்த்து அதிலேயே பொருத்துங்கள். ராஸ்பெரி பையின் எஸ்டி கார்ட் திடீரெனக் கரண்ட் போவதால் கெடக்கூடியது, ஆகவே செட்டிங்ஸை ஏற்றுமதி செய்து வேறொரு இடத்தில் வையுங்கள். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சரே சொன்னார். நமது ஊரில் யுபிஎஸ் ஆடம்பரம் இல்லை.

பெட்டி விழுந்தாலும் நெட் இருக்கட்டும் என்று இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 போடுபவர்கள் நிறையப் பேர். அப்படிப் போட்டால் சாதனங்கள் முதலாவது விழும் வரை காத்திருப்பதில்லை. நினைத்த நேரம் இரண்டாவதையும் கேட்கும், வடிகட்டலில் பெரிய ஓட்டை விழும். இரண்டாவது வேண்டுமென்றால் அதுவும் வடிகட்டுவதாக இருக்க வேண்டும்.

டேட்டா மிச்சமாகுமா? வேகம் கூடுமா?

கொஞ்சம் மிச்சமாகும். வீட்டு டேட்டாவைத் தின்பது பெரும்பாலும் வீடியோ, அதை இது தொடாது. மாத முடிவில் பக்கேஜ் இரட்டிப்பாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். செய்தித் தளங்கள் திறக்கும் வேகத்தில் வித்தியாசம் தெரியும், பழைய ஃபோன்களில் இன்னும் நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வெளியே போனால்?

ஆண்ட்ரோய்டு என்றால் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் அட்கார்ட் அல்லது நெக்ஸ்ட்-டிஎன்எஸ் சேர்வர் பெயரைப் போடலாம். நெக்ஸ்ட்-டிஎன்எஸ் மாதம் 3 இலட்சம் கேள்வி வரை இலவசம். மேலே சொன்ன 853 மூடல் வீட்டில் இருந்தால் இந்த ஃபோனுக்கு விலக்கு வேண்டும். ஐஃபோனில் அவர்கள் தரும் ப்ரொஃபைலை நிறுவ வேண்டும்.

வீட்டு ஃபயர்வோலையே வெளியிலும் பாவிக்க விரும்பினால் வயர்கார்ட் விபிஎன் அருமையானது. ஆனால் ரவுட்டரின் வெளி ஐபி 100.64இலிருந்து 100.127 வரையான எண்களில் ஒன்றில் தொடங்கினால் உங்கள் கம்பனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்திருக்கிறது என்று அர்த்தம், 4ஜி ரவுட்டர்களில் இது சாதாரணம். வெளியிலிருந்து நேராக வீட்டுக்கு இணைய முடியாது. அங்கே டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை உதவும்.

இதைப் போட்டால் இணையக் கம்பனிக்கு நான் எங்கே போகிறேன் என்று தெரியாமல் போய்விடுமா?

இல்லை. உங்கள் பெட்டி வெளியே கேட்பதை டிஎல்எஸ் மூலம் 9.9.9.9 அல்லது 1.1.1.1 போன்ற பொது டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பினால் டிஎன்எஸ் கேள்விகள் கம்பனிக்குத் தெரியாது. ஆனாலும் எச்டிடிபிஎஸ் இணைப்புத் தொடங்கும்போது சேர்வரின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது.

அப்படியானால் வீட்டில் யார் எங்கே போகிறார்கள் என்று எனக்கும் தெரியுமே?

தெரியும், அதுதான் கவனிக்க வேண்டிய இடம். டிராக்கரை மறிக்கப் போய் நீங்களே டிராக்கராகிவிடலாம். எந்த ஃபோன், இரவு எத்தனை மணிக்கு, எந்தத் தளம் என்று எல்லாம் பதிவில் இருக்கும். மனைவியின், பதினேழு வயது மகனின், மாமியாரின் உலாவலைப் பார்க்க உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. பை-ஹோலில் பிரைவசி நிலைகள் உண்டு, அட்கார்ட் ஹோமில் பதிவு வைக்கும் காலத்தைக் குறைக்கலாம், சாதன ஐபியை மறைக்கலாம். பிழை தேடும் நேரத்தில் மட்டும் முழுப் பதிவைத் திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

அனெக்ஸ் வாடகைக்கு விட்டிருப்பவர்கள், போர்டிங் பிள்ளைகளுக்கு வைஃபை கொடுப்பவர்கள் இன்னும் கவனம். அவர்களுக்குத் தனி வைஃபை பெயர் கொடுத்து, அந்தப் பக்கம் பதிவே வைக்காமல் விடுங்கள், வடிகட்டல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். சிறிய அலுவலகத்தில் போடுகிறீர்கள் என்றால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு முறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஊழியர்களின் உலாவல் பதிவு விளையாட்டுச் சாமான் இல்லை.

விளம்பரத்தால் ஓடும் தமிழ்ச் செய்தித் தளங்களுக்கு இது அநியாயம் இல்லையா?

ஓரளவுக்கு ஆம். நமது மொழியில் செய்தி தருபவர்கள் ஏற்கனவே ஒட்டியுலர்ந்த வருமானத்தில்தான் ஓடுகிறார்கள். ஆனால் அவர்கள் காட்டும் விளம்பரத்தை மட்டும் விட்டு, பின்தொடர்வதை மறிக்க டிஎன்எஸ்ஸில் வழியில்லை, இரண்டும் பெரும்பாலும் ஒரே சேர்வரில் வருகின்றன. ஒரு தளத்துக்கென்று கூகிள் விளம்பரப் பெயரைத் திறந்தால் எல்லாத் தளத்துக்கும் திறந்துவிடும். தளம் தளமாக விலக்குக் கொடுப்பது யுபிளொக்கில் முடியும், வாசலில் முடியாது. பத்திரிகையாக வரும் செய்தித்தாளின் ஞாயிறு இதழைக் காசு கொடுத்து வாங்குவதும், சந்தா கேட்கும் இடத்தில் சந்தா கட்டுவதும் ஃபோனில் சாமியார் விளம்பரம் பார்ப்பதைவிட அவர்களுக்கு உதவும்.

போட்ட பிறகு என்ன வேலை மிச்சம்?

பட்டியல்கள் தானாகவே புதுப்பிக்கும். மென்பொருளை மாதம் ஒரு முறை புதுப்பித்தால் போதும், அதுவும் வீட்டார் தூங்கிய பிறகு. நிர்வாகப் பக்கத்தை வெளியுலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். டிஎன்எஸ் போர்ட்டை ஒருபோதும் திறக்காதீர்கள், அடுத்தவரைத் தாக்க அதைப் பாவிப்பார்கள்.

இன்னொன்று. படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போகும் பிள்ளைகள்தான் நம் வீடுகளில் இப்படியான பெட்டிகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். மெல்பேர்னில் நடுச்சாமம் இரண்டு மணிக்கு அப்பாவுக்கு வீடியோ கோலில் ரவுட்டர் பாடம் எடுப்பது இரண்டு பேருக்கும் நல்லதில்லை. போக முன்னர் ஒரு தாளில் ரவுட்டர் பாஸ்வேர்ட், டிஎன்எஸ்ஸை மறுபடி தானியங்கி நிலைக்கு மாற்றும் வழி, எந்த வயரைக் கழற்றி எங்கே குத்தினால் பழையபடி ஓடும் என்பதை எழுதி, ரவுட்டருக்குக் கீழேயே ஒட்டி வையுங்கள். டிஎச்சிபியையும் பெட்டிக்குக் கொடுத்திருந்தால், ரவுட்டரில் அதைத் திரும்ப இயக்கும் முறையையும் அதே தாளில் சேர்த்து எழுதுங்கள்.